12 மில்லிமீட்டர்

இதயத்தின் மகாதமனி வால்வைக் குழாய் வழியே மாற்றும் டாவி சிகிச்சையில் பழைய வால்வை யாரும் வெளியே எடுப்பதில்லை. தொடைத் தமனி வழியாகக் குழாயை ஏற்றி, சுண்ணாம்பு படிந்து இறுகிப்போன வால்வுக்கு நடுவே புதியதை விரிக்கிறார்கள். பழைய இதழ்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, புதிய வால்வின் கம்பிச் சட்டத்துக்கும் மகாதமனியின் சுவருக்கும் இடையில் ஆயுள் முழுக்க அங்கேயே நிற்கின்றன. நெஞ்சைத் திறக்காமல் வால்வு மாற்றிவிடலாம் என்று கேட்டு நிம்மதியடையும் குடும்பத்துக்கு இந்தச் செய்தி பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை. 'மாற்றுவது' என்ற சொல்லே அதை மறைத்துவிடுகிறது. நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையில் சர்ஜன் பழைய இதழ்களை வெட்டி எடுத்த பிறகே புதியதைத் தைப்பார். டாவியில் பழையது இருக்க, அதற்குள் புதியது உட்காருகிறது.

அந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இதயத்தின் இடது கீழறையிலிருந்து மகாதமனி கிளம்பும் இடத்தில் இந்த வால்வு இருக்கிறது. அதற்கு மேலே மகாதமனியின் சுவர் மூன்று பக்கமும் குடம்போலப் புடைத்து, பிறகு ஒடுங்கிக் குழாயாகிறது. அந்தப் புடைப்புகளுக்கு வல்சால்வா சைனஸ் என்று பெயர். இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் இரண்டு கரோனரி தமனிகளின் வாயும் அங்கேதான் திறக்கின்றன. வால்வு பொருந்தியிருக்கும் வளையத்திலிருந்து இடது கரோனரியின் வாய் பலருக்கு 13, 14 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். சிலருக்கு 10-க்கும் கீழே இருக்கும். இடது கரோனரி வாயிலேயே அடைபட்டால், இடது கீழறையின் பெரும்பகுதிக்கு ஒரே நேரத்தில் ரத்தம் நின்றுபோகும்.

வீட்டில் ஒரு கதவைச் சுவரோடு சுவராகத் திறந்து வைத்தால் பின்னால் இருக்கும் சுவிட்ச் போர்டு மறைந்துபோவதை எல்லோரும் பார்த்திருப்போம். சுவிட்ச் எட்டுமா எட்டாதா என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: கதவு எவ்வளவு நீளம், சுவிட்ச் எங்கே இருக்கிறது, கதவுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைய இடம் இருக்கிறதா. டாவியில் கதவு என்பது தள்ளப்பட்ட பழைய இதழ். சுவிட்ச் என்பது கரோனரியின் வாய். கம்பிச் சட்டம் வாயை மூடிவிடுமோ என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். சட்டம் வலைபோல் ஓட்டை ஓட்டையானது, ரத்தம் அதன் வழியே போய்விடும். வாயை அடைப்பது பெரும்பாலும் நோயாளியின் சொந்த இதழ்தான். தடித்து, சுண்ணாம்புக் கட்டி ஏறி, நீளமாக இருக்கும் இதழ் மேல்நோக்கி மடங்கி வாயின்மேல் அப்பிக்கொள்கிறது.

இது அரிதாக நடப்பது. எவ்வளவு அரிது என்பதை 2013-ல் ரிபைரோவும் பல நாடுகளின் மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட பதிவேடு சொல்கிறது. டாவி செய்துகொண்ட 6,688 பேரில் 44 பேருக்கு இப்படிக் கரோனரி அடைபட்டது, நூற்றுக்கு 0.66. இந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டால் ஆறுதலாக இருக்கும். அந்த 44 பேரில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 41 பேர். அடைபட்டவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். ஒன்பதில் எட்டுப் பேருக்கு அடைபட்டது இடது கரோனரி. அவர்களுடைய கரோனரி வாயின் உயரம் சராசரி 10.6 மில்லிமீட்டர், அதே போன்ற நோய் இருந்தும் அடைப்பு வராதவர்களுக்கு 13.4. சைனஸின் அகலம் அவர்களுக்கு 28.1, மற்றவர்களுக்கு 31.9. வித்தியாசம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். அரிசி மணி ஒன்றின் நீளம்கூட இல்லை. அந்த ஆய்விலிருந்துதான் 12 மில்லிமீட்டருக்குக் குறைந்த உயரமும் 30 மில்லிமீட்டருக்குக் குறைந்த அகலமும் ஒருவருக்கே சேர்ந்து அமைந்தால் எச்சரிக்கை என்ற எல்லைகள் வழக்கத்துக்கு வந்தன.

பெண்கள் ஏன் இவ்வளவு பேர் என்பதற்கு விடை அந்த அளவுகளிலேயே இருக்கிறது. உடல் சிறிது, மகாதமனி தொடங்கும் வேர்ப் பகுதி சிறிது, கரோனரியின் வாய் தாழ்ந்து இருக்கிறது. நம் வீடுகளில் 75, 80 வயதில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும் ஒல்லியான அம்மாக்களையும் பாட்டிகளையும் நினைத்துப் பாருங்கள். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த உருவம்தான்.

சிகிச்சை நடக்கும் கேத் லேபில், கரோனரி அடைபட்டது எப்படித் தெரியவரும் என்று சொல்கிறேன். பலூனால் விரிக்கும் வகை வால்வு என்றால், விரிக்கும் நேரத்தில் தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி மூலம் இதயத்தை நிமிடத்துக்கு 180, 200 முறை துடிக்க வைப்பார்கள். அவ்வளவு வேகத்தில் இதயத்தால் ரத்தத்தைத் தள்ள முடியாது. வால்வு அசையாமல் உட்காருவதற்காகவே இந்த ஏற்பாடு. திரையில் ரத்த அழுத்தக் கோடு தாழ்ந்து கிட்டத்தட்டத் தட்டையாகும். பலூன் ஊதி, சுருங்கியதும் பேசிங்கை நிறுத்தச் சொல்வார் டாக்டர். கோடு எழும்ப வேண்டும். 50, 70, 100 என்று ஏறினால் அறையில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். ஏறாமல் நின்றாலோ, ஏறி மறுபடி சரிந்தாலோ பல காரணங்கள் இருக்கலாம்: வளையம் கிழிந்திருக்கலாம், இதய உறைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம், புதிய வால்வு ஓரத்தில் ஒழுகலாம், கரோனரி மூடியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. பதிவேட்டிலிருந்த 44 பேரில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்குத்தான் ரத்த அழுத்தம் விழுந்து எழாமல் கிடந்தது. இசிஜியில் மாற்றம் தெரிந்தது பாதிக்குச் சற்று அதிகமானவர்களுக்கு மட்டுமே. ஆக, அடையாளம் எப்போதும் பளிச்சென்று வராது. சாயத்தைச் செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்குள் ஒரு சுழல் தொடங்கிவிடுகிறது. அழுத்தம் விழுந்தால் கரோனரிக்குள் போகும் ரத்தம் இன்னும் குறையும். குறைந்தால் இதயம் இன்னும் சோரும். சோர்ந்தால் அழுத்தம் இன்னும் விழும். அந்த நேரத்தில் புதிய வால்வின் கம்பிகளுக்கும் மடங்கிய இதழுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பியை நுழைத்து, கரோனரியின் வாயைத் தேடிப் பிடித்து, ஸ்டென்ட் வைக்க வேண்டும். முயன்ற பெரும்பாலோருக்கு அது கைகூடியிருக்கிறது, எல்லோருக்கும் இல்லை. முன்கூட்டியே கம்பியை உள்ளே வைத்திருந்தவருக்கும் அந்த நிமிடத்தில் தேட ஆரம்பிப்பவருக்கும் உள்ள இடைவெளிதான் உயிர் போவதற்கும் நிற்பதற்கும் உள்ள இடைவெளி.

இந்த ஆபத்து புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் என்ற இளம் மருத்துவர், கசாப்புக் கடையிலிருந்து வாங்கிவந்த பன்றி இதயங்களின் வால்வைக் கையால் முறுக்கிய கம்பிச் சட்டத்தில் தைத்து, 1989 மே 1 அன்று ஒரு பன்றியின் உடலில் குழாய் வழியே பொருத்தினார். டாவியின் தொடக்கம் அதுதான். 1992-ல் வெளியான அந்த ஆய்வில் அவர் நேர்மையாகப் பதிவுசெய்த சிக்கல், மூன்று பன்றிகளில் கரோனரி ரத்த ஓட்டம் தடைபட்டது என்பது. பிரான்ஸின் ரூவான் நகரில் ஆலன் கிரிபியே இதே எண்ணத்தை மனிதருக்குக் கொண்டுவர முயன்றபோது, கரோனரி அடைபடும் என்பது அவர் எதிர்கொண்ட முக்கிய மறுப்புகளில் ஒன்று. அவர் இறந்தவர்களின் இதயங்களில் ஸ்டென்ட்டை விரித்துப் பார்த்து, 14 முதல் 16 மில்லிமீட்டர் உயரத்துக்குள் சட்டம் இருந்தால் கரோனரி வாயைத் தொடாமல் வைக்கலாம் என்று கணக்கிட்டார். 2002 ஏப்ரல் 16 அன்று 57 வயது நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக வால்வைப் பொருத்தினார். முதல் பன்றியிலிருந்து முதல் மனிதர்வரை, இந்தச் சிகிச்சையை உருவாக்கியவர்கள் மில்லிமீட்டரை அளந்தபடியேதான் நடந்தார்கள். அளவை நடைமுறைச் சடங்காகப் பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இதைப் படித்து யாரும் டாவியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடக் கூடாது. மகாதமனி வால்வு கடுமையாகச் சுருங்கி, மூச்சிரைப்பும் மயக்கமும் வந்துவிட்ட பிறகு சும்மா இருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. அறுவைக்கே தகுதியில்லை என்று விடப்பட்ட 358 பேரை வைத்து நடந்த பார்ட்னர் ஆய்வு 2010-ல் வெளியானது. மருந்தோடு விடப்பட்டவர்களில் ஓராண்டில் நூற்றுக்கு 50.7 பேர் இறந்தார்கள். டாவி செய்துகொண்டவர்களில் 30.7. நூற்றுக்கு இருபது உயிர் என்பது சாதாரணமில்லை. நான் சொல்ல வருவது, செய்வதற்கு முன் என்ன அளக்க வேண்டும், அளந்ததை யாரிடம் கேட்க வேண்டும் என்பது பற்றி.

அளப்பது சிடி ஸ்கேனில். சாதாரண நெஞ்சு சிடி இதற்குப் பயன்படாது. இசிஜியோடு இணைத்து, இதயத் துடிப்பின் குறிப்பிட்ட கட்டத்தில், மில்லிமீட்டருக்கும் மெல்லிய துண்டுகளாக, சாயம் செலுத்தி எடுக்க வேண்டும். பிறகு கணினி முன் ஒருவர் உட்காருகிறார். மூன்று இதழ்களின் அடிப்புள்ளிகளையும் ஒவ்வொன்றாகக் குறிக்கிறார். அந்த மூன்று புள்ளிகளும் சேரும் தளம்தான் வளையம். புள்ளி ஒன்று ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் தளம் சாய்கிறது. தளம் சாய்ந்தால் மேலே உள்ள எல்லா அளவும் மாறுகிறது. அந்தத் தளத்திலிருந்து செங்குத்தாகக் கரோனரி வாயின் கீழ் உதடுவரை கோடு இழுக்க வேண்டும். வாயின் நடுவரை இழுத்தால் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கூடிவிடும். வளைந்த சுவரையொட்டி இழுத்தாலும் கூடும். ஒரே ஸ்கேனை இருவர் அளந்தால் ஒரு மில்லிமீட்டர் முன்பின் வருவது இயல்பு. எல்லையே 12 என்னும்போது, 12.4 என்று வந்த எண்ணை வைத்து நிம்மதியடைவதில் அர்த்தமில்லை. அப்படி வந்தால் இன்னொருவரை அளக்கச் சொல்வது நல்ல மையங்களில் வழக்கம்.

உயரம் மட்டும் போதாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வாய் தாழ்ந்திருந்தும் சைனஸ் அகலமாக இருந்தால் இதழ் சுவரைத் தொடாது. வாய் 14 மில்லிமீட்டரில் இருந்தும் சைனஸ் ஒடுங்கி, இடது இதழ் நீண்டு, அதன் நுனியில் சுண்ணாம்புக் கட்டி இருந்தால் மூடிக்கொள்ளும். ஆக, ஒரு நல்ல சிடி அறிக்கையில் வளையத்தின் சுற்றளவும் பரப்பும், இடது வலது கரோனரிகளின் உயரமும், மூன்று சைனஸ்களின் அகலமும், சைனஸ் ஒடுங்கிக் குழாயாகும் இடத்தின் விட்டமும் உயரமும், இதழின் நீளமும், சுண்ணாம்பு எந்த இதழில் எவ்வளவு என்பதும் இருக்க வேண்டும். 'டாவிக்கு ஏற்ற உடலமைப்பு' என்று ஒற்றை வரியில் முடியும் அறிக்கையை நான் முழு அறிக்கையாக ஏற்கமாட்டேன்.

இங்கே ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே பைபாஸ் செய்துகொண்டு, ஒட்டிய குழாய்கள் திறந்தே இருப்பவர்களுக்கு இடது கரோனரியின் வாய் மூடினாலும் ரத்தம் வேறு வழியில் போகும். பைபாஸ் ஆனவர் என்றாலே கூடுதல் ஆபத்து என்று நினைப்பது இந்த ஒரு விஷயத்தில் பொருந்தாது.

எல்லாவற்றையும்விட அபாயம் கூடும் நிலை, பழைய செயற்கை வால்வுக்குள் டாவி வால்வை வைப்பது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அறுவை செய்து மாட்டுத் திசுவிலோ பன்றித் திசுவிலோ ஆன வால்வு வைத்திருப்பார்கள், அது தேய்ந்துபோயிருக்கும், இரண்டாவது முறை நெஞ்சைத் திறக்க வயது இடம் கொடுக்காது. இத்தகைய 1,612 பேரைப் பற்றிய பன்னாட்டுப் பதிவேடு 2018-ல் வந்தது. 37 பேருக்குக் கரோனரி அடைபட்டது, நூற்றுக்கு 2.3. முதல்முறை டாவியோடு ஒப்பிட்டால் மூன்று மடங்குக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 30 நாளுக்குள் இறந்துவிட்டார்கள்.

அந்தப் பதிவேட்டில் எல்லோரும் கவனிக்க வேண்டிய செய்தி, பழைய வால்வு எந்த வகை என்பதைப் பொறுத்து ஆபத்து தலைகீழாக மாறியது என்பது. இதழ்கள் சட்டத்தின் உள்ளே தைக்கப்பட்ட வால்வுகளில் நூற்றுக்கு 0.8. இதழ்கள் சட்டத்தின் வெளிப்புறம் சுற்றித் தைக்கப்பட்ட மிட்ரோஃப்ளோ, டிரைஃபெக்டா போன்ற வகைகளில் 6.1. சட்டமே இல்லாத வகைகளில் 3.7. வெளியே தைத்த இதழ் விரியும்போது சுவரைத் தேடிப் போகிறது. உள்ளே தைத்ததைச் சட்டத்தின் தூண்கள் பிடித்து நிறுத்துகின்றன. புதிய வால்வு உட்கார்ந்தால் அதன் ஓரம் எங்கே வரும் என்று சிடி படத்தில் ஒரு கற்பனை வட்டம் வரைந்து, அந்த வட்டத்திலிருந்து கரோனரி வாய்வரை இடைவெளி எவ்வளவு என்று அளப்பார்கள். அடைபட்டவர்களுக்கு அது சராசரி 3.2 மில்லிமீட்டர், அடைபடாதவர்களுக்கு 6.3. நான்குக்குக் கீழே இருந்தால் அதிக ஆபத்து என்று கொள்கிறார்கள். நான்கிலிருந்து ஆறுவரை யோசித்துச் செய்ய வேண்டிய இடம்.

வகை தெரியாவிட்டால் இந்தக் கணக்கில் எதுவும் நடக்காது. அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, கைக்கு அடக்கமான ஓர் அட்டை கொடுப்பார்கள். வால்வின் பெயர், அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். அது எங்கே போனது என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் இருக்காது. பழைய ஃபைல் துணிக்கடைப் பைக்குள் சுருட்டி பீரோ மேலே கிடக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வால்வு மாற்றம் செய்யப்பட்டது' என்ற வரி மட்டும் இருக்கும். வீடு மாறும்போது மீதித் தாள்கள் போயிருக்கும். எக்ஸ்ரேயில் தெரியும் சட்டத்தின் வடிவத்தை வைத்து வகையைக் கண்டுபிடிக்க இதய அறுவை நிபுணர் விநாயக் பாபட் ஒரு செயலியையே உருவாக்கியிருக்கிறார். அதன் துணையோடு பார்ப்பவர்களும் எக்ஸ்ரேயில் தெரியாத வால்வின் முன்னால் திணறுகிறார்கள். பெற்றோருக்கு வால்வு அறுவை நடந்த வீடு எதுவாக இருந்தாலும், இன்றே அந்த அட்டையைத் தேடி எடுத்து, கைபேசியில் ஒரு படம் பிடித்துவையுங்கள். கிடைக்காவிட்டால் அறுவை செய்த மருத்துவமனையின் பதிவேட்டில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கரோனரியில் கொழுப்பு அடைப்பு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. வால்வு சுருங்கிய முதியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதுவும் கூடவே இருக்கிறது. இரண்டுக்கும் வயதும் சுண்ணாம்பும் பொது. நெஞ்சு வலி எதனால் வருகிறது என்று பிரித்துச் சொல்வதும் கடினம். வேர்ப் பகுதிக்காக எடுத்த அதே சிடி, பெரிய அடைப்பு இல்லை என்று சொல்லுமானால் சிலருக்கு ஆஞ்சியோவைத் தவிர்க்கலாம். சுண்ணாம்பு அதிகமானால் படம் மங்கி ஆஞ்சியோ தேவைப்படும். சாதாரணக் கரோனரி சிடிக்கு முன் நாக்கடியில் கொடுக்கும் நைட்ரேட் மாத்திரை, வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்கு ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும் என்பதால் ஸ்கேன் மையத்தில் வால்வு நோயை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாயமும் சிறுநீரகத்துக்குச் சுமை. கிரியாட்டினின் ஏற்கெனவே கூடியிருப்பவருக்கு சிடியும் ஆஞ்சியோவும் டாவியும் அடுத்தடுத்து வராதபடி நாள் குறிக்க வேண்டும்.

அடைப்பு இருந்தால் டாவிக்கு முன் ஸ்டென்ட் வைக்க வேண்டுமா என்பதில் நீண்ட காலம் ஆளுக்கொரு கருத்து. 2024-ல் வெளியான நோஷன்-3 ஆய்வு 455 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. தமனிக்குள் கம்பி விட்டு அழுத்தம் அளந்து கடுமையானது என்று உறுதியான அடைப்புகளும், 90 விழுக்காடோ அதற்கு மேலோ சுருங்கியவையும்தான் அதில் சேர்க்கப்பட்டன. சுமார் இரண்டு ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு, அவசர ஸ்டென்ட் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது ஸ்டென்ட் வைத்தவர்களில் 26 விழுக்காட்டினருக்கு, வைக்காதவர்களில் 36. ரத்தப்போக்கு மட்டும் எதிர்த்திசையில்: 28-க்கு 20. கடுமையான அடைப்புக்கு ஸ்டென்ட் நல்லது, விலை ரத்தக் கசிவு என்று புரிந்துகொள்ளலாம். எல்லா அடைப்புக்கும் என்று இதை நீட்டக் கூடாது.

மறுபடி இதழுக்கு வருகிறேன். ஆபத்து முன்பே தெரிந்துவிட்டால் செய்ய வழி இருக்கிறது. கரோனரிக்குள் முதலிலேயே கம்பியும் விரிக்காத ஸ்டென்ட்டும் நிறுத்திவைப்பது ஒன்று. அடைப்பு வந்தால் ஸ்டென்ட்டைப் பின்னுக்கு இழுத்து, வால்வுச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே புகைபோக்கிபோல நிற்கவைத்து விரிப்பார்கள். உயிர் காக்கும் முறைதான். ஆனால் அந்த ஸ்டென்ட் இரண்டு கடினப் பரப்புகளுக்கிடையே நசுங்கி நிற்கிறது. பின்னாளில் உறையலாம், சுருங்கலாம், மறுபடி உள்ளே போய்ப் பார்ப்பதும் கடினம்.

இன்னொன்று இதழையே நடுவில் கிழித்துவிடுவது. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனத்தின் ஜாஃபர் கான், ராபர்ட் லெடர்மன் முதலியோர் உருவாக்கி, முதல் ஏழு நோயாளிகளின் அனுபவத்தை 2018-ல் வெளியிட்டார்கள். பசிலிகா என்று பெயர். ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் மின்சாரம் பாய்ச்சி இதழின் அடியைத் துளைக்கிறார்கள். மறுபக்கம் கண்ணியிட்டு அந்த நுனியைப் பிடிக்கிறார்கள். இரு முனையையும் சேர்த்து மின்சாரத்தோடு இழுக்கும்போது இதழ் அடியிலிருந்து நுனிவரை நேராகக் கிழிகிறது. பிறகு வால்வு விரியும்போது கிழிந்த இரு பாதிகளும் விலகி நடுவில் முக்கோணமாக இடம் விடுகின்றன. அந்த இடம் கரோனரி வாய்க்கு நேரே அமைய வேண்டும். 30 பேரிடம் நடந்த அடுத்த ஆய்வில் 28 பேருக்குத் திட்டமிட்டபடி முடிந்தது. மூன்று பேருக்குப் பக்கவாதம் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒருவருக்கு அது முடக்கும் அளவில். இதழைக் கிழிப்பதற்கென்றே செய்த கருவி ஒன்றுக்கு 2024-ல் அமெரிக்க மருந்து ஆணையம் அனுமதி அளித்தது. எந்த முறையானாலும் கை பழகியவர்கள் செய்ய வேண்டியது. எல்லா ஊரிலும் அப்படிப்பட்டவர்கள் இல்லை. இன்னும் சிலருக்கு எல்லாக் கணக்கும் பார்த்த பிறகு நெஞ்சைத் திறக்கும் அறுவையே பத்திரமான வழியாக நிற்கும், அதைச் சொல்லும் டாக்டரைப் பழைய முறைக்காரர் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் அறுவை ஆபத்து குறைந்தவர்களுக்கும் டாவி அனுமதிக்கப்பட்ட பிறகு, நோயாளியின் வயது இறங்கிக்கொண்டே வருகிறது. இந்தியாவில் குஜராத்தின் வாபியில் தயாராகும் மைவால் என்ற டாவி வால்வு 2018-ல் அனுமதி பெற்றதிலிருந்து இங்கேயும் வாய்ப்பு விரிந்திருக்கிறது. 65 வயதுக்காரருக்கு இன்று வைக்கும் திசு வால்வு அவர் ஆயுளுக்கு முன் தேய்ந்துபோகலாம். அப்போது டாவிக்குள் டாவி வைக்க வேண்டிவரும். முதல் டாவியின் இதழ்கள் மேல்நோக்கித் திறந்த நிலையில் நசுங்கி, அதன் கம்பிச் சட்டத்தைச் சுற்றிலும் மூடிய குழாயாக்கிவிடும். அந்தக் குழாய் சைனஸ் ஒடுங்கும் இடத்தை எட்டி, அங்கே சுவரோடு ஒட்டியிருந்தால், கீழே இருக்கும் சைனஸ் முழுவதும் ரத்தம் போகாமல் அடைபடும். இப்படிப்பட்டவர்களுக்கு இதழைக் கிழிக்கும் முறையும் முழுப் பலன் தருவதில்லை. நிறைய பேருக்கு இரண்டாவது டாவிக்கே இடமிருக்காது. உயரமான சட்டத்துக்குப் பின்னால் மறைந்த கரோனரிக்குள் பின்னாளில் ஆஞ்சியோ குழாயை நுழைப்பதும் போராட்டம். மாரடைப்போடு நடுராத்திரி வந்து நிற்கும்போது அந்தப் போராட்டத்துக்கு நேரம் இருக்காது. 2020-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் 65 வயதுக்குக் கீழானவர்களுக்கு அறுவையை முன்வைப்பதும், 65-க்கும் 80-க்கும் நடுவில் இருப்பவர்களோடு கலந்து பேசி முடிவெடுக்கச் சொல்வதும் இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான். முதல் வால்வை வைக்கும் நாளிலேயே இரண்டாவது எங்கே உட்காரும் என்று சிடியில் பார்த்துவிட வேண்டும்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பிள்ளைகள் கேட்க வேண்டியவை நீளமானவை அல்ல. "அம்மாவுக்கு இடது கரோனரி எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்குங்க டாக்டர்? சைனஸ் அகலம் எவ்வளவு? அடைபடும் ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா? அதிகமானால் முதலிலேயே என்ன பாதுகாப்பு வைக்கப்போறீங்க? அந்த நேரத்தில் இதய சர்ஜன் இருப்பாரா?" இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அளந்தவருக்குப் பதில் உடனே வரும். கணினித் திரையைத் திருப்பிக் காட்டவும் செய்வார். அளவு வந்து சேராத இடத்தில், வரும்வரை நாளைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். கடைசி நேர அவசரத்தில் கொண்டுவரப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஒருசில நாள் தள்ளிப்போவதால் வரும் நஷ்டத்தைவிட, அளக்காமல் போவதால் வரும் நஷ்டம் பெரிது.

எல்லாம் நல்லபடி முடிந்து வார்டுக்கு வந்த பிறகும் ஒரு சின்னக் கூட்டத்துக்கு ஆபத்து மிச்சமிருக்கிறது. 17,092 பேரைப் பார்த்த ஓர் ஆய்வில் 38 பேருக்கு, கேத் லேபை விட்டு வெளியே வந்த பிறகு கரோனரி அடைபட்டது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு முதல் 24 மணி நேரத்துக்குள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு இரண்டு மாதம் கழித்து. தானாக விரியும் வகைச் சட்டம் வைத்த பிறகும் மெல்ல விரிந்துகொண்டே இருப்பதும், ஓரத்தில் ரத்தம் உறைவதும் காரணங்களாக இருக்கலாம். அவர்களில் பாதிப் பேரைக் காப்பாற்ற முடியவில்லை. ஊருக்குத் திரும்பிய அம்மா ஒரு நாள் காலையில் நெஞ்சு அடைக்கிறது, வியர்க்கிறது, தலை சுற்றுகிறது என்றால் வாயுக் கோளாறு என்று சீரகத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையில் உடனே இசிஜி எடுக்கச் சொல்லி, டாவி வால்வு வைத்திருக்கிறது, எந்த நாளில் வைத்தார்கள், எந்த வகை, இடது கரோனரியின் உயரம் எவ்வளவு என்று அங்கிருக்கும் டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். வால்வின் அட்டையும் சிடி அறிக்கையின் அந்த ஒரு பக்கமும் அப்போது கையில் இருக்க வேண்டும்.